போதுங்க என்று சொன்னவருக்கு

மச்சான்,

இன்று கோர்ட்டு இடைவேளையில் பெரிய கடை வீதிக் காப்பி கிளப்புக்குப் போனேன். வாசற்படியில் கால் வைக்கும்போதே பெருங்காயமும் முறுகின நெய்யும் கலந்த வாசனை வந்து மோதியது. எனக்கு எதிரே பல்லடம் பக்கத்துக் குடியானவர் ஒருவர், தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இலை காலியாக இருந்தது. சாதக்காரன் வந்து "சாதம்?" என்றான். "போதுங்க" என்றார். சாதக்காரன் நகர்ந்துவிட்டான். அவர் தலையை நிமிர்த்தி, போகிறவனுடைய முதுகைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

பொறுக்காமல் சாதக்காரனைத் திரும்பக் கூப்பிட்டு, "இவருக்குப் போடப்பா" என்றேன். குடியானவர் பதறிப்போய் இலைக்கு மேல் கையை விரித்தார். விரல்களுக்கு நடுவே ஒரு கரண்டி சாதம் தாராளமாக விழுகிற இடைவெளி இருந்தது. சாதக்காரன் கையைப் பார்த்தானே தவிர இடைவெளியைப் பார்க்கவில்லை. என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனான்.

நம் பக்கத்து விருந்தில் முதல் தடவை கேட்பது மரியாதை. முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்வது பட்டினி கிடந்தவன் செய்கிற காரியம். இரண்டாம் தடவை கேட்கும்போது மறுப்புக் கொஞ்சம் தளரும். மூன்றாம் தடவை, கேட்கிறவர் கோபித்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொண்டு கரண்டியைக் கவிழ்த்துவிடுவார். வந்தவர் "என்னங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பார். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் தங்கையோடு இந்த வழக்கை முறைப்படி நடத்துவீர்கள். "வகுறு ரொம்பிப்போச்சு அம்மணி" என்பீர்கள். தோற்றுப்போவீர்கள். தோற்றவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் இருக்கிற ஒரே சங்கடம், இரண்டு தரப்புக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பாலக்காட்டிலிருந்தும் உடுப்பியிலிருந்தும் வந்து கோயமுத்தூரில் கடை வைத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஒரு தடவை கேட்டார்கள். நீங்கள் சொன்னதை நம்பினார்கள்.

உங்கள் பசி மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் காங்கேயத்துக் காட்டில் மழை பொய்த்துப் பொய்த்து, உங்கள் கிணற்றில் பாறை தெரிய ஆரம்பித்திருந்த காலம் அது. பருத்தி விலையும் படுத்துவிட்டது. உங்களுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, கோயமுத்தூரில் புதிதாகக் கட்டிய ஒரு மில்லில் பருத்தி பார்த்து வாங்குகிற வேலை. இன்னொன்று, ஆனைமலைத் தேயிலை எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கிற வேலை. அந்த மலையிலிருந்து காய்ச்சலோடு திரும்பி வந்தவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்வது வழக்கம்.

மில்லின் இளைய முதலாளியை எனக்குக் கோர்ட்டில் பழக்கம். மான்செஸ்டரில் படித்துவிட்டு வந்தவர். நல்லவர். உங்களைப் பற்றிச் சொன்னேன். "ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அழைத்து வாருங்கள், பேசிப் பார்க்கலாம்" என்று, வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டலின் பெயரைச் சொன்னார். ஆளை எடை போடுவதற்குச் சாப்பாட்டு மேஜைதான் சரியான இடம் என்று மான்செஸ்டரில் கற்றிருந்தார்.

அதனால்தான் உங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஜட்கா வண்டியில் வரும்போது அட்சரம் பிசகாமல் சொன்னீர்கள்.

முதலில் சந்தைக்கு வெளியே இருந்த இட்லிக் கடை. அங்கே பாடத்துக்கே வேலையில்லை. அந்த அம்மாள் யாரையும் எதுவும் கேட்பதில்லை, இலையில் இடம் தெரிந்தால் இட்லியை வைத்துவிடுவாள். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டீர்கள். "மனுசங்க தன்மை தெரிஞ்சவங்க" என்று வெகுதூரம் வரைக்கும் அவளைப் பாராட்டிக்கொண்டு வந்தீர்கள். அடுத்தது காப்பி கிளப். பிராமணர்களுக்கு மட்டும் என்ற பலகை தொங்கிய தட்டிக்கு இந்தப் பக்கம் நாம் உட்கார்ந்தோம். தட்டிக்கு இரண்டு பக்கமும் ஒரே சாம்பார். சாதக்காரன் கேட்டான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அவனைப் பார்த்தீர்கள், "போதுங்க" என்றீர்கள்.

பிறகு ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறை. வெள்ளை உடுப்பும் முண்டாசுமாக ஒரு பட்லர், கறித் தட்டை ஏந்திக்கொண்டு உங்கள் இடது தோளண்டை வந்து நின்றார். நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, "ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க, மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்றீர்கள். அந்த மனிதர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவருடைய உத்தியோக காலத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. கடைசிவரைக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பயிற்சியில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான். சாப்பாட்டின் விலை ஏற ஏறக் கேட்பது குறைந்துகொண்டே போகிறது. மிக உயர்ந்த இடத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள், அதையும் மெதுவாகக் கேட்பார்கள்.

அந்த ராத்திரி எல்லாம் நன்றாகவே நடந்தது. தலைக்கு மேல் மின்சார விசிறி, மேஜையில் வெள்ளைத் துணி. சூப்பைச் சத்தமில்லாமல் குடித்தீர்கள். இளைய முதலாளி பையிலிருந்து ஒரு துளிப் பருத்தியை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் விரலில் இழுத்துப் பார்த்து என்னவோ சொன்னீர்கள். அவர் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் கேட்டார்.

"எங்க மில்லுக்கு வந்துடறீங்களா? பருத்தி வாங்கற பொறுப்பை உங்ககிட்டயே விட்டுடறேன்."

நீங்கள் கையைக் கூப்பினீர்கள். "அய்யோ, எனக்கெதுக்குங்க அத்தனை பெரிய வேலை? வேற நல்ல ஆளாப் பாருங்க."

நம் ஊரில் இதற்கு, நாளைக்கே குடும்பத்தோடு வருகிறேன் என்று அர்த்தம். மான்செஸ்டரில் இதற்கு மாட்டேன் என்று அர்த்தம். "அப்படியா, சரி" என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கறியை வெட்ட ஆரம்பித்தார்.

நான் மேஜைக்கடியில் உங்கள் காலை மிதித்தேன். நீங்கள் காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டு, "இடம் பத்தலீங்களா மாப்ளே?" என்று கேட்டீர்கள். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். இவர் மரியாதைக்காகச் சொல்கிறார், இவருக்கு இந்த வேலையில் விருப்பம்தான் என்றேன். இளைய முதலாளி உங்களைப் பார்த்தார். உங்களுக்காக நான் பல்லைக் காட்டுவது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "மாப்ளை எம்மேல இருக்கற பிரியத்துல சொல்றாருங்க" என்று என்னையும் காப்பாற்றிவிட்டீர்கள். மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறவர்களைத் தனக்கு மிகவும் பிடிக்கும் என்றார் அவர். கடைசியாகப் புட்டிங் வந்தது. அதையும் ஒரு தடவை கேட்டார்கள்.

திரும்பும்போது வண்டி டவுன்ஹால் தாண்டினதும், "இன்னொருக்கா கேப்பாருன்னு இருந்தனுங்க மாப்ளே" என்றீர்கள். நாமே நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். "நாமளாப் போயிக் கேக்கறதுங்களா? அது நல்லா இருக்குங்களா?" என்று என்னையே கேட்டீர்கள்.

மறுநாள் உங்களுக்குத் தெரியாமல் நான் போனேன். நம் பக்கத்து மரியாதையை முதலிலிருந்து விளக்கினேன். ஏதோ தூர தேசத்து மலைவாசிகளைப் பற்றிக் கேட்பது போல அவர் ஆவலோடு கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "பம்பாய்த் தரகர் வந்து, இந்த விலைக்குப் பருத்தி வேண்டுமா என்பார். உங்கள் மச்சான் வேண்டாம் என்பார். அதை நான் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதா, வேண்டும் என்றா?" சாட்சியே இல்லாத வழக்குகளில் மணிக்கணக்காகப் பேசிய வக்கீல் நான். அன்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கேள்வி முடியுமுன் சரி என்று சொன்ன ஒருவரை அந்த வாரமே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் ஆனைமலைக்கு மூட்டை கட்டினீர்கள். உங்கள் தங்கை, போக வேண்டாம், இங்கேயே எங்களோடு இருந்துவிடு அண்ணா என்றாள். வேண்டாம் என்றீர்கள். அவள் இரண்டாம் தடவை கேட்டாள், மூன்றாம் தடவையும் கேட்டாள். கரண்டியைக் கவிழ்க்கிற நேரம் வந்துவிட்டது என்று நானும் நம்பி, உங்கள் மூட்டையை உள்ளே எடுத்து வைத்தேன். நீங்கள் அதைத் திரும்ப எடுத்து வந்தீர்கள். "தங்கச்சி ஊட்டுல ஒக்காந்து திங்கறது நல்லாயிருக்காதுங்க. போய்ட்டு வாரனுங்க." உங்கள் வாயிலிருந்து வந்த வேண்டாம்களில் அது ஒன்றுதான் நிஜம். அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை.

தந்தி வந்து நான் மலையேறிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எஸ்டேட் குமாஸ்தா உங்கள் போர்வையையும் குடையையும் கொடுத்தார். ரொம்பத் தொந்தரவில்லாத மனுஷர் என்றார். காய்ச்சல் ஆரம்பித்த நாட்களில் கம்பவுண்டர் கொயினா மாத்திரை கொண்டுவருவாராம். "எனக்கெதுக்குங்க, முடியாதவங்களுக்குக் கொடுங்க" என்பீர்களாம். கம்பவுண்டருக்குக் கூலிகள் குடியிருக்கிற லயம் முழுக்க நோயாளிகள். அடுத்த ஆளிடம் போய்விடுவாராம்.

இதையெல்லாம் உங்களிடமே சொல்வதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போன வாரம் சோமனூரில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு அடுத்த இலையில் அந்த இளைய முதலாளி. பருத்தி பார்த்தவர் வேலையை விட்டுவிட்டாராம், வாங்கிப் போட்ட பருத்தியும் சரியில்லையாம். "அன்றைக்கு உங்கள் மச்சான் வந்தாரே, பருத்தியை இழுத்துப் பார்த்து அவர் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு தடவை அவரைக் கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

சொன்னேன். அவர் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவர்கள் வந்து வந்து கேட்டார்கள்.

அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது, மச்சான். உங்களுக்கு வந்தது, வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இருந்து, நான் காங்கேயத்துக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கெதுக்குங்க, வேற நல்ல ஆளாப் பாருங்க என்றுதான் இரண்டாம் தடவையும் சொல்லியிருப்பீர்கள். நானும் அவளும் விடிவதற்குள் வண்டி கட்டிக்கொண்டு மூன்றாம் தடவை கேட்க வந்திருப்போம்.