நான் வெட்டிய இருபத்தேழு ‘ஒருவேளை’கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், மாடி ஏறும்போது அவர் முழங்கால் மட்டும் முனகுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மலைச்சரிவில் கட்டும் அந்தத் தடுப்புச் சுவர் சரியவே சரியாது என்று ஆய்வேட்டில் நீ எழுதியதை, அளந்து பார்த்த மழைகளில் சரியவில்லை என்று மாற்றச் சொன்னாராம் தேர்வாளர். மாற்ற மாட்டேன், பட்டமே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. மூக்கு நுனியில் கோபம், அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாய். இருக்கட்டும், முதலில் என் கூத்தைக் கேள், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பத்தொன்பது வருடமாக அச்சகத்தில் வரலாற்று ஆய்விதழுக்குத்தானே பிழை திருத்தினேன், அங்கே பேராசிரியர்கள் வரிக்கு வரி ‘ஒருவேளை’ போடுவார்கள், தெரியாமல் இல்லை, மறுத்துப் பேசப்போகிறவருக்குக் காட்டும் மரியாதை. பக்கத்துக்கு ஒன்று போதும், மிச்சத்தை வெட்டு என்பது பழைய ஆசிரியர் போட்ட சட்டம். போன மாதம் என்னை மருத்துவ இதழுக்கு மாற்றினார்கள், கை சும்மா இருக்குமா? முதல் இதழிலேயே இருபத்தேழை வெட்டித் தள்ளினேன், பக்கம் பளிச்சென்று ஆனதாகப் பெருமை வேறு. செவ்வாய்க்கிழமை, அச்சுக்குப் போன கடைசித் திருத்தப் படியைத் தாமதமாகப் பார்த்த இதழாசிரியர், குழந்தை மருத்துவர், போனில் ‘ஏம்மா, இந்த மருந்து குழந்தைங்களுக்குக் கேட்கும்னு யார் சொன்னது? நாங்க நாப்பது பேருக்குத்தான் குடுத்துப் பார்த்திருக்கோம்’ என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த நிமிடம் ஓடியது பார், இரண்டு மாடி, ஒற்றைச் செருப்போடு, நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே! தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மிஷின்காரர் வாளியும் தண்ணீருமாக எதிரே வந்தார். பதினோரு தாள்தான் ஓடியிருந்தது, அத்தனையையும் நானே கிழித்துப் போட்டேன்.

டாக்டர் திட்டவில்லையடி, மத்தியானம் நேரிலேயே வந்து உட்கார்ந்து சொன்னார். அவர்களுக்கு அந்தச் சொல் மரியாதைக்காக இல்லையாம், பார்த்ததற்கும் பார்க்காததற்கும் நடுவே போட்ட வேலியாம். அன்றிலிருந்து எனக்கு இதே பித்து, அச்சகத்துக்கு யார் வந்தாலும் பிடித்துக்கொள்கிறேன். கணக்குப் பேராசிரியர், ‘நிரூபிச்சா சொல்லுவோம், இல்லேன்னா வாயே திறக்க மாட்டோம்’ என்று சிரித்தார். பொருளாதாரக்காரர் மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொள்கிறார், எது மாறாமல் இருக்கிறது இந்த உலகத்தில்? எந்த இதழில் எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார் மேலாளர், என்னைத்தான்! உன் அப்பா, ‘இதெல்லாம் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நானும் ஒருவேளைன்னு சொல்லியிருப்பேனே’ என்கிறார், கொழுப்பு.

இப்போது உன் விஷயம். உன்னை நம்பாமல் தேர்வாளர் அப்படிக் கேட்கவில்லை கண்ணு, நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக் கொதித்தேன். நனைந்துகொண்டே நீ அளந்தது பதினான்கு மழை, அதைப் பதினான்கு என்று எழுதுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? காய்ச்சல் வந்தால் வேளைக்கு மருந்து சாப்பிடு, வீம்பை விடு, மாதக் கடைசியை மறக்காதே. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. பதினைந்தாவது மழை வரும்போது, அந்தச் சுவருக்குக் கீழே இருக்கும் வீடுகளில் பிள்ளைகளைத் தூங்க வைக்கலாமா, எழுப்பிக்கொண்டு ஓடலாமா என்று நீ எழுதியதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உன் அன்பு அம்மா