நேராகச் சொல்லக் கூடாதாம்

லீட்ஸ், நவம்பர்

மரியாதைக்குரிய ஒர்டென்ஸ் அக்காவுக்கு,

இடுப்பு வலி குறைந்ததா? டொமினிக்காவில் மழை விட்டதா? நான் நலம்.

ஆலோசனை மையத்துச் சான்றிதழ்த் தேர்வில் மறுபடியும் தேறவில்லை. கவலைப்படாதீர்கள், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதிலும் தவறினால் என் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். தேர்வன்று, மதிப்பிடும் பெண் பிரையனி மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாடகை வீட்டின் சொந்தக்காரன் விரட்டுகிறான் என்று ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள்.

“முதல்ல கண்ணைத் துடை. கோர்ட் உத்தரவு இல்லாம அவன் உன்னை வெளியேத்த முடியாது. சாவியைக் குடுக்காதே,” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போனதும் பிரையனி, “தகவல் சரிதான், மிஸஸ் லரோண்ட். ஆனா கட்டளை போடுறீங்க. நீங்க வழிகளை எடுத்து வைக்கணும், அவங்கதான் முடிவு பண்ணணும்,” என்றாள்.

“அதுவரைக்கும் அவ தெருவுல நிக்கணுமா, கண்ணு?”

அதையும் குறித்துக்கொண்டாள். நம் ஊர்க் கன்னியர் மடத்துப் பள்ளியில் நேராகப் பதில் சொல்லாவிட்டால் முழங்காலில் நிறுத்துவார்கள். இங்கே சொன்னால் தோல்வி!

பானம் கரைக்கக் கொக்கோ உருண்டை அனுப்புங்கள். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்றும் எழுதுங்கள். அவர் போன பின்னும் இன்னமும் இருவருக்கே கரைத்துவிடுகிறேன். இன்னொன்று: மறுபடி தேர்வுக்கு உட்காருவதா, ஊர் திரும்புவதா? வழிகளை எடுத்து வைக்காதீர்கள், அக்கா. கட்டளை போடுங்கள்.

தபால்காரர் வரும் நேரம்.

உங்கள் தங்கை,
யூலாலி