வரிசையில் விட்டுக்கொடுத்த நானோ மருந்து

அனுப்புநர்:
கல்லீரல் பிரிவில் சன்னலோரப் படுக்கையில் உள்ள பேருந்து ஓட்டுநரின் மனைவி,
தையல் தொழில்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: எங்களுக்கு வந்திருக்க வேண்டிய நானோ துகள் மருந்து பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட்டது – தக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவரின் கல்லீரலில் உள்ள புற்றுநோய்க் கட்டி இதுவரை கொடுத்த மருந்து எதற்கும் மசியவில்லை. அதே நிலையில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவரும் தங்கள் மருத்துவமனையின் புதிய மருந்துச் சோதனையில் ஒரே காலையில் சேர்ந்தார்கள். இன்று பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கிறார்கள். ஆசிரியரின் மனைவி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இந்த மனு அவர்களைப் பற்றியது என்பதைத் தொடக்கத்திலேயே பணிவுடன் சொல்லிவிடுகிறேன்.

2. சோதனை பற்றி மருத்துவர் அம்மா எனக்குப் புரியும்படி விளக்கினார். உள்ளே போகும் மருந்தைக் கட்டியே வெளியே தள்ளிவிடுகிறதாம். தள்ளவிடாமல் தடுக்க இன்னொரு மருந்து வேண்டுமாம். இரண்டையும் கண்ணுக்கே தெரியாத நானோ துகளுக்குள் சேர்த்து அடைத்து அனுப்பினால், இரண்டும் ஒன்றாகப் போய் இறங்கி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறார்களாம். சோதனையில் பாதிப் பேருக்கு இந்தத் துகள் மருந்து. மீதிப் பேருக்கு அதே இரண்டு மருந்துகள் தனித்தனியாக. ஆசிரியருக்குத் துகள் கிடைத்தது. வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிய என் கணவரின் மருந்துகளோ வேறு வேறு வண்டியில் ஏறி, ஒன்று வந்தால் ஒன்று வராமல் கிடக்கின்றன.

3. பதிவு நாளன்று வரிசையில் நாங்கள்தான் முன்னால் நின்றோம். பின்னால் நின்ற ஆசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். என் கணவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். கல்லீரலில் கட்டியை வைத்துக்கொண்டு அவசரம் இல்லையாம். யாருக்கு எது என்பதைப் பதிவாகும் வரிசைப்படி கணினி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே ஆசிரியரின் உடம்பில் ஓடுவது என் கணவருக்கு விழுந்த மருந்து. முறையிட்டதற்கு மருத்துவர் அம்மா, "ஒதுக்கினது ஒதுக்கினதுதாம்மா, மாத்தினா சோதனையே செல்லாது. புதுசுதான் நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது" என்றார். அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குப் பக்கத்துப் படுக்கை தெரிகிறது.

4. ஆசிரியர் இப்போது எழுந்து நடக்கிறார். தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். துகள் மருந்தில் வெளிச்சம் படக்கூடாது என்று அந்தப் பைக்கு மட்டும் கறுப்பு உறை போடுகிறார்கள். எங்கள் பை மொட்டையாகத் தொங்குகிறது. பார்க்கப் பொறுக்காமல், பழைய குடைத் துணியில் அளவெடுத்து ஓரம் மடித்து ஓர் உறை தைத்து எங்கள் பைக்கும் மாட்டினேன். மருந்து எவ்வளவு இறங்கியது என்று தெரியவில்லை எனச் செவிலியர் அதைக் கழற்றிவிட்டார். அவர்மேல் தவறில்லை. ஆனால் அவர் வருவதற்குள் என் கணவர் பையை அண்ணாந்து பார்த்து, "எனக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டார்.

5. எனக்குப் பொறாமைதான் ஐயா. இதை வேறு சொல்லால் எழுதத் தெரியவில்லை. காலையில் எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வைப்பது ஆசிரியரின் மனைவிதான். அதை வாங்கிக் குடித்துக்கொண்டே வயிறெரிகிறேன். நாளை இருவருக்கும் ஸ்கேன். ஆசிரியரின் கட்டி சுருங்காமல் இருக்கட்டும் என்று நேற்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்த பிறகுதான் என்ன வேண்டினேன் என்பது எனக்கே உறைத்தது.

6. ஆசிரியருக்குக் கொடுப்பதை நிறுத்தி எங்களுக்குத் தருமாறு கேட்கும் வரி ஒன்று இங்கே இருந்தது. என் கணவர் அதை அடித்துவிட்டார். மற்ற பத்திகளை நான் அவருக்குக் காட்டவில்லை. எனவே, சோதனையிலிருந்து வெளியே எடுத்தாவது அவருக்கும் துகள் மருந்து கிடைக்கத் தாங்கள் வழி செய்ய வேண்டும். விதி இடம் தராவிட்டால், எங்கள் படுக்கையையாவது வேறு அறைக்கு மாற்றித் தர வேண்டும். அந்தக் கறுப்பு உறையைப் பார்த்துக்கொண்டே என்னால் நல்லவளாக இருக்க முடியாது.

இடம்: கல்லீரல் பிரிவு வராந்தா
நாள்: ஸ்கேனுக்கு முந்தைய நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி

பி.கு.: வரிசையில் விட்டுக்கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும் என்று தங்கள் அலுவலக எழுத்தர் மனுவைத் திருப்பிவிட்டார். அதைப் பார்த்தவர் ஆசிரியரின் மனைவி ஒருவர்தான். தாளை மடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டி நீட்டினேன். அவர் விரித்து முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதினார். அவருடைய கையெழுத்தும் என்னுடையதைவிட அழகாக இருக்கிறது.

சாட்சி: வரிசையில் நாங்கள் பின்னால்தான் நின்றோம். ஓட்டுநர் அண்ணன்தான் எங்களை முன்னே விட்டார். ஐந்தாம் பத்தியையும் படித்தேன். அக்காவின் படுக்கையை மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை ஸ்கேன் அறை வாசலில் என்னோடு உட்கார வேறு யாரும் இல்லை.

(கையொப்பம்)
ஆசிரியரின் மனைவி