சுகி வரமுன் முகத்தைச் செப்பனிடல்

ஜூலை 2, வியாழன்

சிரோக்கோ காற்று. ஆபிரிக்கா அடுப்பை மூட மறந்துவிட்டு இந்தப் பக்கம் ஊதுகிறது. பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு புறா அரை அவியலாக நடந்து போனதை இந்தக் கண்ணாலே கண்டேன்.

வேலை வழக்கம்போல. அப்புக்காத்துக் கிழவரை, அந்தப் பழைய வக்கீலை, சக்கர நாற்காலியில் வைத்து உலாத்தக் கொண்டுபோதல். அவருக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கில் கிறீம். தள்ளுகிற மகாராசாவுக்கு ஒன்றுமில்லை. வருசக்கணக்காக இப்படித்தான். விளைவை இன்றைக்கு ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி ஒரு நிறம், கன்னம் இன்னொரு நிறம், மூக்கு தனி மாகாணம்.

சுகி அடுத்த வெள்ளி வருகிறாள். விசா கிடைத்தாயிற்று. கலியாணம் கட்டி ஒரு வருசம்கூடச் சேர்ந்திருக்கவில்லை. பிறகு பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, இழுபட்டு இழுபட்டு, நானும் போக ஏலாமல், அவளும் வர ஏலாமல், என் மனைவி என்பது உள்ளங்கையளவு போன் திரை. அவள் வழியனுப்பினது வேறொரு முகத்தை. விமான நிலையத்தில் என்னிடமே வந்து, “அண்ணை, என்ரை மனுசனைக் கண்டனீங்களோ” என்று கேட்டால்?

பின்னேரம் தர்சினியிடம் போனேன். அக்காவின் மகள். மக்வேதா வீதிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். வுச்சீரியாச் சந்தையில் வாங்கின “ஏழு நாளில் வெள்ளை” டப்பியைப் பெருமையாக மேசையில் வைத்தேன். எடுத்துக் குப்பையில் போட்டாள்.

“உள்ளுக்கை என்ன கிடக்கெண்டே எழுதேல்லை. இதைப் பூசினா மாமி வரேக்கை உங்கடை மூஞ்சி மிஞ்சாது.”

“கொஞ்சம் நிறம் வந்தால் நல்லதெல்லே பிள்ளை.”

“நிறத்துக்கு என்ன குறை மாமா? வெயில் எரிக்கிறதை நிப்பாட்டினாக் காணும்.”

அவளின் கட்டளைகள்:

காலை: முகம் கழுவ மெல்லிய சவர்க்காரம். (இவ்வளவு நாளும் உடுப்புச் சவர்க்காரம் என்றேன். தலையில் கை வைத்தாள்.)
ஈரக் கிறீம்.
பிறகு ச.கி., அதாவது சன்கிறீம், 50. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேணும். காது, கழுத்துக்கு வேறாக.
வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கொருக்கால் திரும்ப.
தொப்பி. மத்தியானம் நிழல்.
இரவு: கழுவி, ஈரக் கிறீம்.

ஒரு கிழமையில் அதிசயம் நடக்காதாம். இது சாதாரண முகம் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியாது.

ஜூலை 3, வெள்ளி

ச.கி. காயமுன் திருநீறு. வெள்ளிக்கிழமை ஆனபடியால் தாராளமாக. இரண்டும் குழைந்து சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பாகியது. கிழவரின் மகள், சிஞ்ஞோரா, கதவைத் திறந்தவுடன் கதிரை இழுத்துப் போட்டாள். சுகமில்லையா, தண்ணீர் வேணுமா. கிழவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “எனக்கு முன்னாலே இவன் போய்விடுவான்” என்றார். சந்தோசமாகச் சொன்னமாதிரி இருந்தது.

பாடம்: முதலில் கிறீம் காயட்டும். சிவன் பொறுப்பார்.

சுகியோடு கதை. போனை மல்லாத்தி வைத்திருக்கிறாள். முகட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

“முகத்தைக் காட்டுமன்.”

“பெட்டி அடுக்கிறன். கை வேலையா இருக்கு.”

“கைதானே வேலை. முகம் சும்மாதானே இருக்கு.”

“இன்னும் ஒரு கிழமைதானே. நேரிலை பாருங்கோவன்.”

நாலைந்து நாளாக மின்விசிறிதான். குரல் இருக்கிறது, சரி. ஆனால் சிரிக்க முதல் கீழுதட்டைக் கடிப்பாள். அதுவும், வலது காலைப் பிந்தி வைக்கிற நடையும் குரலில் வராது.

ஜூலை 5, ஞாயிறு

மலை. விசா கிடைத்தால் சாந்தா ரொசாலியாவிடம் வெறுங்காலோடு ஏறி வருவேன் என்று நேர்த்தி. நாங்கள் சைவம், அவ வேதக்காரரின் புனிதை. அதனால் என்ன, பலெர்மோத் தமிழருக்கு எல்லாக் கடவுளும் சொந்தக்காரர்தான். மன்னார்ச் சூசை அண்ணையும் வந்தார். விடியமுன் ஏறத் தொடங்கினோம். முகத்தில் ச.கி. முறைப்படி. நான் ஏறின வேகத்தில் மலை கொஞ்சம் பதிந்திருக்கும்.

அவவின் கோயில் குகைக்குள் குளிர். பாறையில் கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி, “சுகி பத்திரமாக வந்து சேர வேணும்” என்று முகத்தை மூன்றுதரம் கழுவினேன். நன்றாகத் தேய்த்து.

சனம் கூடுதல். கதை, சாப்பாடு. இறங்க மத்தியானமாகிவிட்டது. சூசை அண்ணை என் பையிலிருந்த ச.கி.யை எடுத்து நீட்டினார்.

“பூசு தம்பி. தோல் உரியப்போகுது.”

“தீர்த்தம் பட்ட முகம் அண்ணை. அதுக்கு மேலை கிறீம் பூசக்கூடாது.”

“எந்தத் தேவாரத்திலை கிடக்கு?”

“மனசிலை கிடக்கு.”

“அப்ப தொப்பியையாவது போடன்.”

“நேர்த்தியிலை தொப்பியோ?”

சூரியன் வேறு வேலை இல்லாமல் என்னோடு மட்டும் நடந்து வந்தான்.

ஜூலை 6, திங்கள்

முகம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு தணல். தலையணை பட்டாலே கத்தத் தோன்றுகிறது.

தர்சினி (த.) வந்து பார்த்தாள். முதலில் சிரிப்பு, பிறகு கோபம், பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி. வாசமில்லாத ஈரக் கிறீம். நிறையத் தண்ணீர் குடிக்க வேணும். வெயிலைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது. தேசிக்காய், மஞ்சள், தயிர் ஒன்றும் கிட்டவும் வரக்கூடாது.

“தயிரும் கூடாதோ?”

“சாப்பிடுங்கோ. பூசாதேங்கோ.”

சுகியின் அழைப்பு வந்தது. இந்தக் கோலத்தைக் கண்டால் கொழும்பிலேயே இறங்கிவிடுவாள். நானும் போனை மல்லாத்தி வைத்தேன். அங்கை ஒரு மின்விசிறி, இஞ்சை ஒரு மின்விசிறி. இரண்டும் சாப்பாடு, ரிக்கற், பெட்டி நிறை எல்லாம் கதைத்தன.

ஜூலை 8, புதன்

மூக்கு உரிகிறது. த. குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்க, சுகி எடுத்தாள். குரல் சரியில்லை.

“இஞ்சேருங்கோ. ரிக்கற்றைக் கொஞ்சம் பிந்தி மாத்தட்டோ?”

ஏன் என்றேன்.

“கன்னத்திலை மங்கு விழுந்திட்டுது. கனகாலம். இருட்டிலை இருந்து கதைக்கிறதாலை உங்களுக்குத் தெரியேல்லை. பக்கத்து வீட்டக்கா ஒரு கிறீம் தந்தவ. பூசினனான். இப்ப எரிஞ்சு சிவந்துபோய்க் கிடக்கு. மாறினாப் பிறகு வாறனே.”

“மாறாட்டி?”

“அங்கை வெள்ளைக்காரியளைப் பாத்த கண்ணெல்லே உங்களுக்கு.”

“நான் நாள் முழுக்கப் பாக்கிறது கிழவரின்ரை பிடரி.”

சிரிக்கவில்லை. வேறு வழி தெரியாமல் போனை என் பக்கம் திருப்பினேன். வெளிச்சத்துக்கு நேரே.

“என்னப்பா இது, சுட்ட கத்தரிக்காய் மாதிரி.”

“மலையேறினனான். நீர் வாறதுக்காக.”

மின்விசிறி ஆடியது. முகடு, சுவர், யன்னல், அதன்பிறகு சுகி. கன்னம் இரண்டும் சிவப்பு, வாயோரம் தோல் உரிந்து, அதற்குக் கீழே மங்கு. காதோரம் நரை. கீழுதடு பல்லுக்குள்.

த. போனைப் பறித்தாள். “மாமி, நாளைக்குக் காலமை அந்த டப்பியையும் கொண்டு தோல் டொக்டரிட்டைப் போங்கோ. வேறை ஒண்டும் பூசவேண்டாம். வெளியிலை குடை பிடியுங்கோ. மிச்சத்தை இஞ்சை நான் பாக்கிறன்.”

“நீர் வருவீரோ?” என்று கேட்டேன்.

“யோசிக்கிறன்” என்றாள் சுகி. அதோடு வைத்துவிட்டாள்.

ஜூலை 9, வியாழன்

வெயில் கொஞ்சம் குறைவு. கழுவல், ஈரக் கிறீம், ச.கி., தொப்பி. சுகியின் போன் வரவில்லை. நான் எடுத்தால் நிறுத்தி வைத்திருக்கிறாள். டொக்டரிடம் போயிருப்பாள். அல்லது பெட்டியைத் திரும்பக் குலைத்துக்கொண்டிருப்பாள்.

புதுத் தலையணை ஒன்று வாங்கினேன். கட்டிலில் எந்தப் பக்கம் வைக்கிறது? அப்போது அவள் எந்தப் பக்கம் படுத்தாள் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அதுதான் இன்று முழுக்க.

நடுவிலே வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வெள்ளி

புந்தா ராயிசி விமான நிலையம். வெளியில் காற்று. சூசை அண்ணை காரை நிற்பாட்ட இடம் தேடுகிறார். சுகியின் போன் இன்னும் நிறுத்தித்தான் கிடக்கிறது. பிளேனுக்குள் இருந்தாலும் நிறுத்தித்தான் இருக்கும், வீட்டில் இருந்தாலும் நிறுத்தித்தான் இருக்கும்.

ரோம் பிளேன் இறங்கிவிட்டதென்று பலகை சொல்கிறது. கதவு திறக்கிறது. ஒரு குடும்பம். பிறகு கூட்டமாக மாணவர். இரண்டு கன்னியாஸ்திரிகள். பக்கத்தில் நிற்கிற மனுசி, “யாருக்காக நிற்கிறீர்” என்று கேட்டாள். “மொல்யே”, மனைவிக்கு, என்றேன். அந்தச் சொல்லை இந்த ஊரில் பத்திரங்களில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னது இன்றைக்கு.

கதவு மூடிவிட்டது. திரும்பத் திறக்கிறது. வண்டில் தள்ளிக்கொண்டு ஒருத்தி. வண்டிலில் மலைபோலப் பெட்டி, முகம் பின்னால். தெரியவில்லை. ஆனால் அந்த நடை, வலது காலை ஒரு சொட்டுப் பிந்தி வைத்து, சுகியேதான்.