பாதி லட்டு

எதிர்வீட்டுக்காரர்கள் திருப்பதி மலைக்குப் போய் வந்து நேற்று லட்டு கொடுத்தார்கள். என் மனைவி வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். நெய்யும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை ஹால் முழுக்கப் பரவியது. சில மாதங்களாக எனக்கு எந்த வாசனையும் மூக்குக்கு மேலே போவதில்லை. சித்தூரே மாம்பழக்கூழ் ஃபாக்டரி வாசனையில் மிதந்த சீசன்கூட இந்த வருஷம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. இது மட்டும் எப்படியோ உள்ளே வந்தது. உன் ஞாபகமும் வந்தது.

நீ செத்த அன்றும் நான் அழவில்லை. தூக்கத்தில் நெஞ்சு அடைத்துப் போனாய். சாவு வீட்டில் இரண்டு பேர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தானா எதுனா பண்ணிக்கினானா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். இல்லை, ஹார்ட் என்றேன். அவர்கள் நம்பினார்களா தெரியாது. நீ மனசுக்கு மாத்திரை சாப்பிட்டவன் என்பது சபைக்கே தெரியும். அதைத் தெரியப்படுத்தியவனும் நீதான்.

அந்த முதல் பயணம் ஞாபகம் இருக்கிறதா? குடிபாலாவில் உன் மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி, சுற்றாமல் உட்கார்ந்திருந்தாய். "இன்னாடா?" என்றேன். "ஒண்ணும் இல்லடா. அதான் பிரச்சினை. ஒண்ணுமே இல்ல" என்றாய். ஜெபம் பண்ணிப் பார்த்தாயா என்று, எல்லாரையும் போல நானும் கேட்டேன். "முழங்கால் போடறேன். வார்த்தை வரமாட்டேங்குது. கம்முனு இருந்துட்டு எழுந்துக்கறேன். அதையே ஜெபமா எடுத்துக்கன்னு கர்த்தராண்ட சொல்லிட்டேன்" என்றாய்.

சித்தூரில் மனநல டாக்டரிடம் போனால், நாம் வீடு திரும்புவதற்குள் சேதி சபைக்கு வந்து சேர்ந்துவிடும். அதனால் திருப்பதி. கேட்பவர்களுக்கு, என் பேட்டரி கடைக்குச் சரக்கு பார்க்கப் போகிறோம் என்று சொல்வதாக ஏற்பாடு. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பஸ் முழுக்க மொட்டைத் தலைகள். கண்டக்டர் நம்மைப் பார்த்து, "தரிசனம் பாகா ஜரிகிந்தா?" என்று, நல்லபடியாக ஆனதா என்று விசாரித்தார். நீ ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்று பேர் சீட்டில் நீ நடுவில். ஜன்னல் பக்கம் மொட்டை அடித்த ஒரு பெரியம்மா. சந்திரகிரி வரை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து உன் கையில் வைத்து, "தினு நாயனா, மொகம் வாடிபோயிந்தி" என்றார். சாப்பிடப்பா, முகம் வாடிக்கிடக்கிறது என்று வேறு யாரும் உன்னிடம் அதுவரை சொல்லவில்லை. பிரசாதம் துன்னக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நீ என்னைப் பார்த்தாய். பிறகு லட்டைப் பார்த்தாய். பாதியைச் சாப்பிட்டாய். அன்று முழுக்க உன் வயிற்றுக்குள் போன முதல் உணவு அது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரில் சபை செக்ரட்டரி. நீ பாதி லட்டும் கையுமாகப் பிடிபட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாம் இருவரும் மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டோம் என்று பேச்சு பரவிவிட்டது. திருவிருந்தில் அப்பம் கொடுக்காமல் நம்மை நிறுத்தி வைப்பதா என்று கமிட்டி கூடப் போவதாகக் கேள்விப்பட்டோம். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். "மலைக்குன்னே இருக்கட்டும்டா. மன்னிப்பு கேட்டா சேத்துக்குவாங்க. பைத்தியம்னு பேர் வந்தா என் பொண்ண யாரு கட்டுவான்?" என்றாய்.

ஆனால் அந்த ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாய். சுகம் கிடைத்தவர்கள்தான் அதுவரை அங்கே எழுந்து பேசியிருக்கிறார்கள்.

"நாங்க மலைக்குப் போவல. மனசு டாக்டராண்ட போனோம். மாத்திரை துன்னுக்கினு இருக்கேன். இன்னும் சரியாவல. அந்தக் காலத்துல சாவணும்னு செடி கீழ படுத்துக்கினு இருந்த தீர்க்கதரிசிக்கு, தூதன் பிரசங்கம் பண்ணல. எழுந்து சாப்பிடுன்னு அடைதான் குடுத்தான். எனக்கு வந்த தூதன் மொட்டை அடிச்சிக்கினு வந்தாங்க. கர்த்தர் எங்கன்னு கேட்டா எனக்குத் தெரியல. பஸ்ல பக்கத்து சீட்டுல இருந்தாருன்னு நெனைக்கிறேன். அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டாய். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. ஆர்கன் வாசிக்கிறவர் அடுத்த பாட்டைக் கொஞ்சம் அவசரமாகவே ஆரம்பித்தார். அந்த பஸ்ஸில் உன் இன்னொரு பக்கத்து சீட்டில் இருந்தவன் நான். பாட்டுப் புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது செக்ரட்டரி வந்து உன் பக்கத்தில் குனிந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த டாக்டரு எந்தக் கிழமையில இருப்பாரு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நம் சபை ஆம்பிளைகளுக்குத் திருப்பதி என்றால் வேறு அர்த்தம் வந்துவிட்டது. "அண்ணே, நானும் ஒரு வாட்டி திருப்பதி வரணும்" என்று உன் கடைக்கு ஒவ்வொருத்தராக வந்தார்கள். நீ காரணம் கேட்காமல் கூடப் போனாய். உன் பெண்ணுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பாவும் உன்னோடு அந்த பஸ்ஸில் வந்தவர்தான்.

இப்போது என் முறை போலிருக்கிறது. கடை ஷட்டரைத் தூக்குகிறேன், இறக்குகிறேன். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. சபையில் யாராவது எப்படி இருக்கீங்க என்றால், "கிருபையில இருக்கேன் பிரதர்" என்று வாய் தானாகச் சொல்கிறது. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. துக்கம் இருந்தால் உனக்காக அழுதிருப்பேன். உன்னோடு அத்தனை தடவை போனவன், எனக்கென்று ஒரு டிக்கெட் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அந்த லட்டில் பாதியைப் பிட்டு வாயில் போட்டேன். இனிப்பு என்று நாக்குக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மென்று முழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய், "நான் திருப்பதிக்குப் போவணும்" என்றேன்.

என் மனைவிக்கும் அந்த வார்த்தை தெரியும். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே விட்டு அடுப்பை அணைத்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். மீதி லட்டை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

"வழியில துன்னலாம்" என்றாள். "பக்கத்து சீட்டுல நான் உக்காந்துக்கினு வரேன்."