கடைசிக் குதிரை வந்துசேருமட்டும்

நுவரெலியா,
ஏப்ரல் 6

அன்பு செபமலருக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீ சுகந்தானே? மாமியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் போன் எடுக்கவில்லையென்று பயப்படாதே. தொண்டை கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

நேற்றுக் குதிரைப் பந்தயம். தமிழில் வர்ணனை சொல்பவருக்குக் காய்ச்சல். ஒலிபெருக்கி கட்டுகிற என்னிடமே மைக்கைத் தந்துவிட்டார்கள். திருகோணமலைத் துறையில் பத்து வருஷம் மீன் ஏலம் கூறினவனுக்கு ஏழு குதிரை ஒரு பெரிய காரியமா? ஒரு பேரும் தவறவிடவில்லை. பெரிய பந்தயத்தில் 'செங்கதிர்' முதலாவது. ஒரு தலை வித்தியாசத்தில் 'மலையரசி' இரண்டாவது.

ஆனால், கடைசிக் கூறு மீனும் விலைப்படாமல் நான் வாய் மூடினதில்லை, உனக்குத் தெரியும். மற்றக் குதிரைகள் எல்லாம் வந்த பிறகு கிழட்டுக் குதிரையொன்று தனியே வந்தது. நான் விடவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "இன்னும் ஒண்டு வருது, பாருங்கோ! வடிவா வருது!" முதலில் சிரித்த சனம், அது கோட்டைத் தாண்டியபோது எழும்பிநின்று கைதட்டியது.

"சீசன் முடியுமட்டும் நீர்தான்" என்று மனேஜர் சொல்லிவிட்டார். அதனால் உயிர்த்த ஞாயிறுக்கு வர ஏலாது. கோபிக்காதே.

மரக்கறி லொறி திருகோணமலைக்கு வெளிக்கிடுகிறது, இதை டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவரிடமே என் கம்பளிப் போர்வையும் கொஞ்சம் சூடைக் கருவாடும் கொடுத்துவிடு. பின்னேரம் நீ போன் எடு. எனக்குக் கதைக்க ஏலாது, நீ கதை. நான் வீடு வந்துசேருமட்டும் என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இரு.

உன்
ரெஜினோல்ட்