உன் பெயருக்குக் கேட்ட கைநாட்டு

நேற்று மதியம் கல்லூரிக்கு எனக்கு ஓர் உறை வந்தது. பிரித்தால் உன் முகம். அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, பின்னால் உதிக்கிற சூரியனை வைத்து நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். மனித உரிமை ஆய்வு மாணவர்களுக்கு இனி உன் பெயரில் உதவித்தொகையாம். தருவது யார் தெரியுமா? உன் உதவித்தொகையை இரண்டாம் ஆண்டில் நிறுத்திய அதே அறக்கட்டளை. கூடவே ஒரு படிவம். உன் பெயரைப் பயன்படுத்த உன் அம்மாவின் சம்மதம் வேண்டுமாம். தோழி என்ற முறையில் நானே நேரில் போய் அவரது பெருவிரல் ரேகையைப் பெற்று அனுப்ப வேண்டுமாம்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. துக்கம் பிறகுதான் வந்தது.

நாம் இருவரும் ஒரே கைடிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். நான் டவுனில் ஜவுளிக்கடை பாய் மகள். நீ மேலூர்ப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர்களின் மகள். உன் ஆய்வும் அவர்களைப் பற்றித்தான். அட்வான்ஸ் வாங்கிய அன்று வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, அந்தத் தாளுக்குப் பயந்தே வருஷக்கணக்காகக் குவாரியை விட்டுப் போக முடியாமல் கிடந்த ஜனங்கள். உன்னிடம் மணிக்கணக்காகப் பேசினார்கள். ஒப்புதல் படிவத்தில் ரேகை கேட்டால் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள்.

"எம்புட்டு வேணாலும் கேளு பிள்ள, சொல்றோம். பேப்பர மட்டும் நீட்டாத" என்றார் ஒரு பெரியவர்.

நீ அவர்கள் வாயால் சொன்ன சம்மதத்தைப் பதிவு செய்து அனுப்பினாய். அறக்கட்டளை ஏற்கவில்லை. ரேகை இல்லையென்றால் உதவித்தொகை இல்லை என்று எழுதியது. படிவம் குவாரிக்காரன் கையில் சிக்கினால் அவர்கள் கதி என்ன என்று நீ கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

அப்போதுதான் நான் அந்தக் கூத்தைச் செய்தேன். நீ குளிக்கப் போன நேரத்தில் விடுதி அறையில் ஸ்டாம்ப் பேடை எடுத்து, என் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி உன் படிவங்களில் ஒற்றி வைத்தேன். உனக்கு உதவுகிறேன் என்ற நினைப்பு. ஈரத்தலையோடு வந்து பார்த்தாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன்.

"குவாரிக்காரன் அவங்க கைநாட்ட வாங்கிட்டு இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டான். நீ அவங்க கையே இல்லாம எழுதப் பாக்குற. பெருசா என்னடி வித்தியாசம்?"

ஒவ்வொன்றாகக் கிழித்தாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உதவித்தொகை நின்றதும் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆய்வு. அது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாய். காய்ச்சலுக்கு அறக்கட்டளை என்ன செய்யும் என்று கேட்பார்கள். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று நான்கு நாள் காய்ச்சலோடு வகுப்பில் நின்றாயே, நீ அங்கே நின்றிருக்கவே வேண்டியதில்லை. அதற்கு அவர்கள்தான் பொறுப்பு. யார் முகத்துக்கு நேரேயும் இதைச் சொல்வேன்.

இன்று காலை அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். புதிய மாணவர்களுக்கும் அதே விதிதானா என்று கேட்டேன்.

"அது ப்ரொசீஜர் மேடம், மாத்த முடியாது. ஆனா அவங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்னுதான்..."

மேற்கொண்டு கேட்கப் பொறுக்காமல் வைத்துவிட்டேன். படிவத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் உன் அம்மா. பஸ் பிடித்துப் போய் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். உன் படத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எம்புள்ள பேரு நாலு பேரு வாயில வரும்ல தாயி?"

"வரும்மா."

"இந்தப் பணத்துல படிக்கிற பிள்ளைகளும் நம்ம ஆளுகட்ட வந்து கைநாட்டு கேக்குமா?"

"கேக்கும்மா. கேக்காட்டி பணம் கிடையாது."

அம்மா நோட்டீஸிலிருந்து உன் படத்தை மட்டும் மடித்துக் கிழித்து எடுத்துக்கொண்டு, மற்றதை என் பக்கம் தள்ளினார்.

"அவ பேரு எங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிரு."

அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் உனக்குச் செய்ததை எல்லாம்கூட ஒருவேளை நான் ஒருநாள் மறந்துவிடலாம். பெற்ற பிள்ளையின் பெயரை ஊர் சொல்லிக் கேட்க ஆசைப்பட்ட ஒரு தாயை, அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தார்களே, அதை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.